அறிக்கை ஓரத்தில் ஒரு முக்கோணம்

அந்த நகரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அரசாங்கம் ஒரு செவிப்பெட்டியைப் பொருத்தியிருந்தது. வீட்டில் பேசுவதையெல்லாம் எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்டு, ஒரு வரி விடாமல் எழுதுவார். தும்மினால் தும்மலையும் எழுத வேண்டும். அவ்வளவு கரிசனமான அரசாங்கம்.

கோமளவல்லி கணக்கு டீச்சர். எதைச் சொன்னாலும் காரணம் கேட்கப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டார் என்று அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். இனி யாரும் அவர் வீட்டுப் படி ஏறக் கூடாது என்றும் உத்தரவு வந்தது.

டீச்சர் மறுபேச்சுப் பேசவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு, ஆளில்லாத அறையில் கரும்பலகை முன் நின்று பாடம் நடத்தினார். கணக்கைச் சொல்லிவிட்டு, "வரைஞ்சாச்சா? அவசரமில்லை" என்று சற்று நேரம் காத்திருப்பார். தெருக்காரர்கள் பைத்தியம் என்று முடிவு கட்டினார்கள்.

ஆறு வருடம் கழித்து ஒரு நாள் மதியம் யாரோ கதவைத் தட்டினார். வந்தவருக்கு டீச்சரைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

"என் பேரு பொன்னுரங்கம். உங்க பெட்டியைக் கேட்டு எழுதுறவன் நான்தான். இப்ப சாப்பாட்டு நேரம். ரெண்டு மணி வரைக்கும் நாற்காலி காலி."

"உள்ள வாங்க. என்ன சந்தேகம்?"

அவர் உட்காரவில்லை.

"வரையச் சொல்லிட்டு நிறுத்துவீங்கல்ல டீச்சர், அப்ப எனக்குக் கை சும்மா இருக்கல. அறிக்கை ஓரத்துல ஒரு முக்கோணம் போட்டுட்டேன். மேலதிகாரி பார்த்துட்டார். அது ரகசியக் குறியாம். மூணு பேர் கூடிச் சதி பண்றாங்களாம்."

"அப்புறம்?"

"அப்படி நீங்க சொன்னதா எழுதி நாளைக்குக் கையெழுத்துப் போடணும். போட்டா உங்களுக்குச் சிறை. போடலைன்னா எனக்கு. ஓய்வுக்கு ஆறு மாசம்தான் இருக்கு."

அவர் கண் கலங்கியிருந்தது. தன் கை செய்த தப்புக்கு இந்த அம்மா சிறைக்குப் போவதா என்ற வேதனை அவருக்கு.

"நான் என்ன செய்யட்டும், டீச்சர்?"

டீச்சர் சாக்பீஸை நீட்டினார். "அந்த முக்கோணத்தைப் போடுங்க."

போட்டார்.

"மூணு கோணமும் சேர்ந்தா நூத்தியெண்பது. நிரூபிங்க."

பொன்னுரங்கம் உச்சியில், அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு இழுத்தார். வரி வரியாக எழுதினார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் காரணமும் எழுதினார். காதால் மட்டுமே கேட்ட பாடம். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. டீச்சருக்கு அவ்வளவு சந்தோஷம். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி. இதுக்குக் கீழே, 'ஆகவே மூன்று பேர் சதி செய்கிறார்கள்'னு எழுதுங்க."

பொன்னுரங்கம் திரும்பிப் பார்த்தார். டீச்சர் விளையாடுவதாகத் தெரியவில்லை. 'ஆகவே' என்று எழுதினார். கை நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"பக்கத்துல என்ன காரணம் போடுறது?"

"நீங்கதான் சொல்லணும்."

அவர் 'ஆகவே'யை விரலால் அழித்துவிட்டு, சாக்பீஸைப் பலகைக்கு அடியில் வைத்தார்.

"எழுத மாட்டேன், டீச்சர்."

டீச்சர் தலையசைத்தார்.

மணி ஒன்றே முக்கால். வாசல் வரை போன பொன்னுரங்கம் திரும்பினார்.

"நான் எழுதலைன்னாலும் என் நாற்காலியில வேற ஆளை உட்கார வைப்பாங்க. அவன் எழுதிக் கொடுத்துட்டா உங்களைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்களே."

டீச்சர் பலகையைச் சுத்தமாகத் துடைத்தார்.

"உள்ளேயும் ஒரு பெட்டி வச்சிருப்பாங்க. அதைக் கேட்டு எழுத ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். பாவம், அவருக்கு முதல் பாடத்திலேருந்து ஆரம்பிக்கணும்."