சௌந்தரபாண்டியின் வாட்ச்சும் நாற்பதடி தள்ளி நின்ற மலையும்

இந்தக் கதையில் கூட்டிச் சொன்னது எதுவும் நமக்குச் சொந்தமில்லை. அத்தனையும் சௌந்தரபாண்டிக்கே சொந்தம்.

கூட்டாறு மலையடிவாரத்தில், பஸ் திரும்பும் இடத்தில் பேச்சியம்மாள் டீக்கடை வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் கண் வடைச்சட்டியில் இருந்தாலும் மனசு மறுநாள் காலையில் இருந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் சுபாஷினி, கூட வேலை செய்யும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். விடிந்ததும் மொட்டைக்கூம்பு உச்சிக்கு ஏறப் போகிறார்களாம். வழி தெரிந்த ஆள் ஒருவர் கூடப் போனால்தான் காட்டுக்குள் விடுவார்கள். வழக்கமாக அப்படிப் போவது மலைக்குடியில் இருக்கிற வெள்ளச்சி.

ஆனால் கொழுந்தன் சௌந்தரபாண்டி இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டார். "எங்க அண்ணன் மகளுக்கு அடுத்தவ எதுக்கு வழி காட்டணும்? நான் இருக்கேன். என் வாட்ச் இருக்கு."

வெளிநாட்டிலிருந்து மருமகன் கொடுத்துவிட்ட ஸ்மார்ட் வாட்ச். அது வந்த நாளிலிருந்து மனுஷன் கால் தரையில் படவில்லை.

வேண்டாம் என்று பேச்சியம்மாளால் சொல்ல முடியவில்லை. மூத்த மகள் கல்யாணப் பந்தியில் தனக்கு முதல் இலை போடவில்லை என்று இரண்டு வருஷம் வாசல் மிதிக்காமல் இருந்தவர் அவர். இந்த ஆடியில்தான் மறுபடி பேச ஆரம்பித்திருக்கிறார். லாரியோடு நாக்பூர் போயிருக்கும் வீட்டுக்காரரிடம் போனில் கேட்டால், "பிள்ளையையும் பத்திரமாப் பாரு, அவன் மனசும் நோகக்கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டார். மகளை இவரோடு அனுப்பப் பயம். அனுப்பாவிட்டால் உறவு அறுந்துவிடும். பேச்சியம்மாள் இரண்டு ராத்திரியாகச் சரியாகத் தூங்கவில்லை.

வெள்ளச்சி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"இரு தாயி, இந்த ஈடு வடைய எடுத்துட்டு வாறேன்."

அதற்குள் எதிர் பெஞ்சில் சுபாவுக்கும் நண்பர்களுக்கும் நடுவே இருந்த சௌந்தரபாண்டி தொடங்கிவிட்டார்.

"போன செவ்வாக்கிழமை ஒத்தையில மொட்டைக்கூம்பு ஏறி எறங்கினேன். இடது பக்கம் திரும்பணும்னா வாட்ச் இடது பக்கமா நெளியும். வலதுன்னா வலது பக்கம். கண்ண மூடிட்டு நடந்தேன்னா பாத்துக்கங்க."

"நான் போன்ல மேப் எறக்கி வச்சிருக்கேன் அங்கிள். சிக்னல் இல்லாட்டியும் ஓடும்" என்றான் சுபாவின் நண்பன் ஒருவன். "காந்தத் திசைகாட்டியும் இருக்கு."

"அதையெல்லாம் பைக்குள்ள போட்டு வை தம்பி. காந்தம் வடக்கை மட்டுந்தான் காட்டும். என் வாட்ச் மிச்சம் மூணையும் காட்டும்."

"எங்க சித்தப்பா அது? கையில காணோமே?" என்றாள் சுபா.

"சார்ஜ்ல கெடக்கு. காட்டுக்குப் போறதுக்கு முந்தி அதுக்கு மூணு நாள் சாப்பாடு போடணும்." சொல்லிக்கொண்டே கெண்டைக்காலைச் சொறிந்தார். காலெல்லாம் அங்கங்கே சுண்ணாம்புப் பொட்டு இருப்பதைப் பேச்சியம்மாள் கவனித்தாள். அட்டைக் கடிக்குத்தான் அப்படி வைப்பார்கள்.

"பாதி மலையில யானை வெரட்டுச்சு. ஒத்தைக் கொம்பன். ஓடுறேன், ஓடுறேன். வாட்ச்சப் பாத்தா என் நாடித் துடிப்பு எழுபத்திரெண்டு, யானையோடது நூத்தி அறுவது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டுது. 'யானைக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் மெதுவா ஓடவும்'னு எழுத்து வேற வருது. பாவம்னு நின்னு, அதுக்கு மூச்சு வந்தப்பறம் மறுபடி ஓடினேன்."

டிக்கெட் பையோடு டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் இருளப்பன் புரையேறி இருமினார். "யானை நன்றி சொல்லுச்சா?"

"துதிக்கையத் தூக்குச்சு. அதுக்கு மேல என்ன சொல்லும்? கேளும்யா. மேல போனா மூடுபனி. லேசான பனின்னு நெனச்சிராதீங்க. சாஞ்சு நின்னா ஆளைத் தாங்குது. அரிவாள எடுத்துப் பாளம் பாளமா வெட்டி ரெண்டு பக்கமும் அடுக்கிக்கிட்டே போறேன். வாட்ச் கணக்குச் சொல்லுது, 'வடக்க நாலு பாளம், கிழக்க ஒண்ணரை'ன்னு. அப்படியே வெட்டிட்டுப் போனா ஒரு கவட்டைப் பாதை. இடது பக்கம் போன்னு வாட்ச் சொல்லுது. அங்க எவனோ ஒரு தழைக் கொப்பக் குறுக்கே போட்டிருக்கான். தூக்கி வீசிட்டுப் போனேன்."

அதுவரை டீயை ஊதிக்கொண்டிருந்த வெள்ளச்சி தலை நிமிர்ந்தாள். முந்தானை முடிச்சை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அந்த எடத்துல மேல இருந்து ஒரு சத்தம். சாட்டிலைட்டு! அதுக்கே வழி தவறிப் போச்சு. 'அண்ணே, நான் எங்க இருக்கேன்'னு என் வாட்ச்சுல கேக்குது. 'ஆண்டிபட்டிக்கு மேல இருக்கே, நேராப் போ, தேனி வந்ததும் திரும்பு'ன்னேன். போயிருச்சு."

"அண்ணேன்னா கூப்பிட்டுச்சு?" என்றார் இருளப்பன்.

"வயசுல சின்னதாச்சே."

சுபாவின் நண்பர்கள் சிரித்து உருண்டார்கள். பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷன் பின்னாலா என் பிள்ளை போகணும் என்று நினைத்துக்கொண்டே சட்டியில் கிடந்த வடையைத் திருப்ப மறந்தாள்.

"கடைசியாத்தான் விசயமே. உச்சிக்கு இன்னும் நாப்பது அடி இருக்குன்னு வாட்ச் சொல்லுது. ஆனா நான் உச்சியிலதான் நிக்கேன்! வாட்ச் தப்புச் சொல்லாது. அப்ப தப்பு யாரு மேல? மலை மேல! நாப்பது அடி தள்ளி நின்னுருக்கு, இத்தனை காலமா யாரும் பாக்கல. கீழ எறங்கி வந்து, துண்ட முட்டுக் குடுத்து, தோளால ஒரே தள்ளு. சரியா வந்து உக்காந்துச்சு. மதினி, செவ்வாக்கிழமையில இருந்து உங்க கடை மேல நெழல் சீக்கிரமே விழுகுதா இல்லையா?"

"அதான் நம்ம பஸ் ரோடு நீண்டு போய் பத்து நிமிசம் லேட்டாகுதா? மேலிடத்துல இதையே எழுதிக் குடுத்துர்றேன்" என்றார் இருளப்பன்.

வெள்ளச்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அய்யா, அந்தத் தழைய நீங்களா எடுத்து வீசினீங்க?"

"ஆமா. ஏன்?"

"அது தானா விழுந்ததில்லீங்க. நான் ஒடிச்சுப் போட்டது. ஒரு பாதைக்குக் குறுக்கே பச்சைத் தழை கெடந்தா அந்தப் பக்கம் போகாதீங்கன்னு அர்த்தம். அதுக்கு அங்கிட்டு வழியே கெடையாது. அட்டை ஓடைதான்." முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "நேத்துப் புதுத்தழை போடப் போனேன். ஓடைப் பாறை இடுக்குல இது மினுங்கிட்டுக் கெடந்துச்சு. யாருதுன்னு கேக்கத்தான் அக்காகிட்ட வந்தேன்."

வார் முழுக்கச் சேறோடு ஒரு வாட்ச்.

சுபா அதை வாங்கித் துடைத்தாள். திரை வெளிச்சமாகி ஒரு வரி ஓடியது. அவள் சத்தமாகப் படித்தாள். "ரொம்ப நேரமா அசையாம இருக்கீங்க. எந்திரிச்சு நடங்க."

கடையே அதிர்ந்தது. இருளப்பன் பெஞ்சை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

பேச்சியம்மாள் மட்டும் கொழுந்தன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் மானம் போனால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு வாசல் மிதிக்க மாட்டார். சௌந்தரபாண்டியின் முகம் கறுத்தது. பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பாத்தீங்களா! இதத்தான் கடைசியாச் சொல்லலாம்னு வச்சிருந்தேன். சோதனைக்காக நானே ஓடையில விட்டுட்டு வந்தேன். 'எனக்கு வழி காட்டுனது போதும், நீ தானா வீடு வந்து சேரு'ன்னு சொல்லிட்டு வந்தேன். வந்துருச்சா? ஒரு திருப்பம் தப்பாம கடை வாசலுக்கே வந்துருச்சு!"

பேச்சியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு ராத்திரி தேடியும் அகப்படாத வார்த்தை இப்போது தானாக வந்தது.

"நல்ல அறிவாளி வாட்ச் தம்பி. எனக்கு இப்பத்தான் மனசு ஆறுச்சு."

"அதான் சொன்னேன்ல மதினி!"

"அத்தனை சாட்டிலைட்டு இருந்தும் அதெல்லாம் வேண்டாம்னு, வீடு வர்றதுக்கு அது வெள்ளச்சி முந்தானையத்தானே பிடிச்சுட்டு வந்திருக்கு. உங்க வாட்ச்சே அவளத்தான் நம்புதுன்னா நாம எதுக்கு யோசிக்கணும்? பிள்ளைகளையும் அவ கூடவே அனுப்பிருவோம். நீங்க சொல்றதுதான் முடிவு."

சௌந்தரபாண்டி கணக்குப் போட்டார். வாட்ச் தானாக வரவில்லை என்று சொன்னால் சொன்னது அத்தனையும் போச்சு. வந்தது என்றால் மதினி சொல்வது சரி. வாட்ச்சை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டார்.

"வாட்ச் முடிவு பண்ணிட்டா நான் குறுக்கே நிக்கமாட்டேன் மதினி."

பேச்சியம்மாள் ஒரு தட்டில் வடையை வைத்து, முதலில் அவரிடம்தான் நீட்டினாள். அடியில் இருந்த நாலு வடை கருகிப்போயிருந்தன. அவற்றை ஒதுக்கியேதான் வைத்தாள்.

வடையைக் கடித்ததும் அவருக்குத் தெம்பு திரும்பிவிட்டது. "ஏம்மா வெள்ளச்சி, காலைல நானும் வரேன். மலை சரியா உக்காந்திருக்கான்னு பாக்கணும்ல?"

"வாங்கய்யா" என்றாள் வெள்ளச்சி. "மலைய எங்க வேணாலும் தள்ளிக்கங்க. தழைய மட்டும் தொடாதீங்க."