ஜன்னலுக்கு ஒரு ஊசியிலை மரம்

குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபத்திரண்டு. சிரிக்க வேண்டாம். கோத்தகிரிப் பக்கம் ஒரு மலைச்சரிவில் ஊசியிலைச் செடிகள் வளர்த்து விற்கிற தெய்வானைக்குத் தாடியும் கிடையாது, ஆசிரமமும் கிடையாது. ஒரு தகரக் கொட்டகையும் வரிசை வரிசையாகத் தொட்டிகளும்தான் உண்டு. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற ஞானசிகாமணி மூன்று வருஷமாக அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். 'குருவம்மா' என்று விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்தார், அதுவே நிலைத்துவிட்டது.

அந்த மனுஷர் பதினோரு நாளாக ஒரு செடியை எடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தோட்டத்துக்கு எது பொருந்தும் என்று நொடியில் எடுத்துக் கொடுக்கிறவருக்குத் தன் மனைவியின் ஜன்னலுக்கு ஒன்று அகப்படவில்லை.

"துஜா எடுத்துக்கோங்களேன் சார்," என்றாள் தெய்வானை.

"காத்து சரியாப் போகலேன்னா உள்ளுக்குள்ள காஞ்சு போயிடுமே."

"ஜூனிபர்?"

"குத்தும். அவ கையை வெளியே நீட்டினா?"

"கோல்டன் சைப்ரஸ்?"

"பக்கத்து வீட்டுக்காரர் அது கல்லறைத் தோட்டத்து மரம்ங்கறார். எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா..."

அந்த 'ஆனா'வை அவர் முடிக்கவில்லை. முடிக்கப் பயம்.

அவர் மனைவி லில்லி புஷ்பத்துக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. பேச்சு திரும்பிவிட்டது, இடது பக்கம் திரும்பவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் உட்காருவாள், ஒரு கையால் சாப்பிடுவாள், புருஷனைத் திட்டுவாள். நிற்க மட்டும் முடியாது. பயிற்சி கொடுக்க வந்த பெண், "உட்கார்ந்தே எவ்வளவோ செய்யலாம், நடக்கிறதை இனி எதிர்பார்க்க வேண்டாம்" என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ஞானசிகாமணி. பெரிய டாக்டரும் அதையேதான் சொன்னார். டாக்டரை நிறுத்த முடியாதே, அதனால் அவரிடம் போவதை நிறுத்திக்கொண்டார்.

இப்போது தினம் நாலு வேளை இவரே அவளைத் தூக்கி நிறுத்துகிறார். ஜன்னல் கம்பியைப் பிடிக்கவைத்து இருபது வரை எண்ணுகிறார். பன்னிரண்டிலேயே அவளுக்கு முழங்கால் நடுங்கிவிடும். இவர் கண்ணை மூடிக்கொண்டு பதிமூன்று, பதினாலு என்று போய்க்கொண்டே இருப்பார். போன வாரம் கீழே விழுந்து நெற்றியில் மூன்று தையல் போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலமும் நிறுத்தினார். ஒரு வேளை விட்டுவிட்டால் அத்தோடு எல்லாம் போய்விடும் என்று அவருக்குப் பயம்.

செடி விஷயமும் அதில் சேர்ந்ததுதான். கிறிஸ்துமஸுக்குள் லில்லி எழுந்து நிற்பாள். நிற்கும்போது கண்ணுக்கு நேராக உச்சி தெரிய வேண்டும். நாலடி ஏழு அங்குலம் என்று டேப் வைத்து அளந்து சீட்டில் எழுதிச் சட்டைப் பையிலும் வைத்திருந்தார். சர்வேயர் அல்லவா.

பன்னிரண்டாம் நாள் காலை அவரே வந்து தெய்வானையின் முன்னால் நின்றார். சரியாகத் தூங்கிப் பல நாளான முகம்.

"குருவம்மா, ஒரே கேள்வி. எதை வச்சா தப்பாகாது?"

தெய்வானை கை மண்ணைக் கழுவிக்கொண்டாள். "வாங்க, வீட்டைப் பார்ப்போம்."

வீட்டுக்குள் நுழைந்தவள் ஜன்னலை அளக்கவில்லை, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போனாள்.

"அக்கா, கொஞ்சம் நகருங்க."

"வா தெய்வானை," என்றாள் லில்லி புஷ்பம். "நிக்கவைக்கிற நேரமான்னு பார்த்துச் சொல்லு. நான் செத்தவ மாதிரி கிடந்துக்கறேன்."

"லில்லி, என்ன பேச்சு இது?" என்றார் ஞானசிகாமணி.

தெய்வானை லில்லியின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, கம்பி வழியாகக் கையை வெளியே விட்டாள். வெளிப்பக்கத்துச் சிமெண்டுத் திண்டு வரைக்கும் எட்டியது.

"அக்கா, உங்களுக்கு என்ன செடி வேணும்?"

லில்லி புஷ்பம் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். எட்டு மாதமாக அவளுக்கு இட்லியா கஞ்சியா என்பதைக்கூட அவர்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தார்.

"நானே தண்ணி ஊத்தற மாதிரி ஒண்ணு," என்றாள். "இந்தக் கைக்கு எட்டணும்."

"நின்னுக்கிட்டே ஊத்தலாம் நீ," என்றார் ஞானசிகாமணி. "இன்னும் கொஞ்ச நாள்தான்."

லில்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெய்வானை எழுந்து நடந்தாள். அவர் பின்னாலேயே ஓடினார். வழியெல்லாம், பதில் சொல்லாமல் வந்துவிட்டாயே, பார்த்ததில் ஏதாவது கெடுதலாகத் தெரிந்ததா, மறைக்காமல் சொல்லு என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் நடை நிற்கவில்லை.

கொட்டகையின் பின்பக்கம் போனவள் ஒரு தொட்டியைத் தூக்கிவந்து அவர் எதிரில் வைத்தாள். அரக்கேரியா. ஊரில் கிறிஸ்துமஸ் மரம் என்பார்களே, அது. ஆனால் கோபுரம் போல அடுக்கடுக்காக நிற்க வேண்டிய மரம், தொட்டி விளிம்பிலிருந்தே சாய்ந்து, பக்கவாட்டில் இரண்டு முழம் நீண்டு கிடந்தது.

"இதுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"நான் செஞ்ச தப்பு. அரக்கேரியாவுல உச்சிக் குருத்தை வெட்டி நட்டாத்தான் மேலே போகும். தொழிலுக்கு வந்த புதுசுல அது எனக்குத் தெரியாது. பக்கக் கிளையா வெட்டி நாப்பது நட்டேன். நாப்பதும் வேர் விட்டுச்சு. நாப்பதும் இப்படியே படுத்துக்கிட்டுப் போச்சு."

"அப்புறம்?"

"ஊர்ல யாரும் சிரிச்சிடக் கூடாதேன்னு பயம். கழி ஊனி, கயிறு கட்டி, தினம் ஒரு சுத்து இறுக்கினேன். முப்பத்தொம்பது முறிஞ்சு போச்சு."

"இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

"இதுக்குக் கயிறு பத்தல."

ஞானசிகாமணி குனிந்து அந்தக் கிளையைத் தொட்டார். அடிப்பக்கம் கரும்பச்சை. நுனியில் இந்த மழைக்கு விட்ட இளம்பச்சை.

"இப்பவாவது கட்டினா நிமிருமா?"

"நிமிராது சார்."

"ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தா?"

"நிமிராது."

"பக்கத்துலயே இருந்து நான் பார்த்துக்கறேன். எவ்வளவு நாளானாலும் சரி. நாலு வேளையும் நானே..."

அழுதுவிட்டார். மூன்று வருஷத்தில் அவர் அழுது தெய்வானை பார்த்ததில்லை. பார்க்காத மாதிரி இருக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நிமிராது சார்."

அவர் எரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். தொட்டியைப் பார்த்துக் கேட்டார்.

"அப்போ அவ்வளவுதானா?"

தெய்வானை தொட்டியைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

"நிமிராதுன்னுதான் சார் சொன்னேன். வளராதுன்னு சொல்லலையே."