கேட் கம்ப்யூட்டரின் மணி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு மணி காட்டும். வருகை பதியும் கேட் கம்ப்யூட்டர் பத்து நிமிஷம் முந்தி ஓடும். சாயங்காலச் சங்கை ஊதும் கம்ப்யூட்டர் பத்து நிமிஷம் பிந்தி ஓடும். இரண்டும் மேனேஜர் ஜம்புலிங்கத்தின் மூளையில் உதித்தவை. அந்த மூளைக்காக அவருக்கு வருஷா வருஷம் தனி போனஸ் உண்டு.

தாமதம் என்று தன் அரைநாள் சம்பளத்தைப் பிடித்ததும், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் கோகிலவாணி அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க சார், என் கம்ப்யூட்டர்ப்படி நான் நேரத்துக்குத்தான் வந்திருக்கேனுங்க."

"உன்னுது பொய் சொல்லுது. கேட் மணிதான் மணி. எல்லாக் கம்ப்யூட்டரும் இன்னைக்கே அந்த மணிக்கு வந்தாகணும். ஒண்ணு பிசகினாலும் நாளைக்கு நீ இந்தப் பக்கம் வராதே."

சங்கு அவர் நினைவுக்கு வரவில்லை. அதட்டும்போது அவருக்கு எதுவுமே நினைவுக்கு வருவதில்லை.

"சரிங்க சார்," என்றாள். எல்லாக் கம்ப்யூட்டர்களும் கேட் கம்ப்யூட்டரிடமிருந்தே மணியை வாங்கிக்கொள்ளும்படி செய்துவிட்டாள்.

சாயங்காலம் சங்கு ஊதியது. மெஷின்கள் நின்றன. ஜனம் எழுந்து கேட்டுக்கு நடந்தது. முதலாளியே எழுந்து வந்துவிட்டார்.

"இன்னும் நேரம் இருக்குது! யாரு ஊதச் சொன்னது?" ஜம்புலிங்கம் கத்தினார்.

"நீங்கதானுங்க," என்றாள் கோகிலவாணி. "இது கேட் மணிங்க. அது சரின்னா நாங்க வீட்டுக்குப் போறோமுங்க. தப்புன்னா, பிடிச்ச சம்பளத்தைக் குடுத்துருங்க."

முதலாளி நின்றுபோன மெஷின்களைப் பார்த்தார். "சொல்லுய்யா. சரியா, தப்பா?"

"தப்புங்க," என்று ஜம்புலிங்கம் தொண்டைக்குள் முனகினார்.

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது: "இங்க கேக்கலீங்க சார்!"