கரிச்சான் எந்தக் கொப்பில் உட்காருவான்

பறவைகளெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டும், கட்சி கட்டிக் கத்திக்கொண்டும் இருந்த அந்தக் காலத்தில், ஓர் ஏரிக்குள் பெரிய மருத மரம் ஒன்று நின்றது. அதற்குக் கிழக்கே ஒரு பெருங்கொப்பு, மேற்கே ஒரு பெருங்கொப்பு. கிழக்குக் கொப்பு காக்கைத் தலைவரின் கட்சி. மேற்குக் கொப்பு பருந்துத் தலைவரின் கட்சி. மூன்றாவது கட்சி கிடையாது. மூன்றாவது கொப்பு இருந்தால்தானே.

ஆண்டுக்கொரு முறை, சித்திரைப் பௌர்ணமியன்று காலையில், அத்தனை பறவையும் தத்தம் கொப்பில் போய் உட்காரும். எந்தக் கொப்பின் நுனி பாரம் தாங்காமல் தண்ணீரைத் தொடுகிறதோ, அந்தக் கட்சிக்கு ஓராண்டுக் காவல். காவல் என்றால், மரத்திலுள்ள எல்லாருடைய கூட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் பௌர்ணமியன்று அப்பன் உட்கார்ந்த கொப்பில்தான் பிள்ளையும் உட்கார வேண்டும். கொப்பு மாறியவன் என்று ஒருவனையும் அந்த மரம் பார்த்ததில்லை.

கரிச்சான் கிழக்குக் கொப்பில் பிறந்தவன். ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்க மாட்டான். மரங்கொத்தி தட்டுவது போல, பூனை கத்துவது போல, தவளை தொண்டையைச் செருமுவது போல, எந்தக் குரல் வேண்டுமானாலும் அவன் தொண்டையில் ரெடி. காக்கைத் தலைவர் பேச எழுந்தால் முதலில் இவன் பருந்தின் குரலில் அழுது காட்டுவான். கிழக்குக் கொப்பே சிரித்துக் குலுங்கும். தலைவர் செல்லமாக, "நம்ம வீட்டுப் பிள்ளை" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் நெருப்பிலும் குதிப்பான்.

அந்த ஆண்டு காவல் காக்கைக் கட்சியிடம் இருந்தது. கரிச்சானின் கூட்டில் மூன்று முட்டை. பக்கத்துக் கிளையில் மாங்குயில் கூடு கட்டியிருந்தாள். அவள் மேற்குக் கொப்புக்காரி. இருவரும் நாள் முழுக்க ஒருவர் கட்சியை ஒருவர் கிண்டல் செய்வார்கள். ஆனால் அவள் இரைதேடப் போனால் அவள் கூட்டை இவனும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வான்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு, பட்டப்பகலில், காவல் சுற்றிவந்த காக்கைத் தலைவரே மாங்குயிலின் கூட்டில் இறங்கினார். இரண்டு முட்டையையும் குடித்துவிட்டு அலகைக் கிளையில் துடைத்தார். நிமிர்ந்தால் எதிரே கரிச்சான்.

தலைவர் பதறவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அது மேற்குக் கொப்பு முட்டைதானே. நாளைக்கு இது வெளியில தெரிஞ்சா யாரு ஜெயிப்பா? பருந்து. அவன் வந்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். கட்சிக்காக ஒரே ஒரு சத்தம் போடு, போதும்."

 கரிச்சான் போய் வேறு கிளையில் உட்கார்ந்தான், திரும்பி வந்தான், மறுபடி போனான். பிறகு கழுத்தை நீட்டிப் பருந்தின் குரலில் நீளமாக வீறிட்டான். மரமெல்லாம் கேட்டது. ஓடிவந்த மாங்குயில் காலிக் கூட்டைப் பார்த்தாள். இவனைத்தான் கேட்டாள்.

"நீ இங்கேதானே இருந்தே. யாரு வந்தா?"

"பருந்து," என்றான் கரிச்சான்.

 தன் கட்சிக்காரர்களே தன் கூட்டைச் சூறையாடிவிட்டதாக நம்பி, காலிக் கூட்டை விட்டுப் போனாள்.

மறுநாள் கரிச்சான் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது அவன் கூட்டில் இரண்டு முட்டைதான் இருந்தன. தலைவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அலகைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவன் நேரே போய்க் கேட்டான். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"ஒரு முட்டைக்குக் கணக்கு கேக்குறியே தம்பி. கட்சிக்காக அதுகூடக் குடுக்க மாட்டியா? நீ நம்ம வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சேன்."

கரிச்சான் கிழக்குக் கொப்பில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னான். மைனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. சிட்டு, பௌர்ணமி முடியட்டும் என்றது. இருப்புக் கொள்ளாமல் அவன் மேற்கே பறந்தான். பருந்துத் தலைவர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். பௌர்ணமியன்று எல்லார் முன்னிலையிலும் சொல்லச் சொன்னார். இவன் வாய் சும்மா இருக்குமா? போன ஆண்டு உங்கள் காவலில் நாரைக் குஞ்சு ரெண்டு காணாமல் போனதே, அது என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டான்.

பருந்துத் தலைவர் நகத்தைப் பார்த்துக்கொண்டார். "பழசைக் கிளறாதே. அவன் செய்யலையா? இப்ப நமக்கு ஜெயிக்கிறதுதான் முக்கியம்."

பௌர்ணமி விடிந்தது. இரண்டு கொப்பும் நிறைந்தன. இரண்டு நுனியும் தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே ஒரே மட்டத்தில் நின்று ஆடின. இன்னும் ஒரு பறவை எங்கே உட்காருகிறதோ அந்தக் கொப்பு தொட்டுவிடும். உட்காராதவன் கரிச்சான் ஒருவன்தான். அவன் நடுத்தண்டின் உச்சியில் நின்றான். அங்கிருந்து அவன் கூடு தெரிந்தது. அதில் மிச்சமிருந்த இரண்டு முட்டையும் தெரிந்தன.

முதலில் அதே பருந்துக் குரலில் வீறிட்டான். மேற்குக் கொப்பு நடுங்கியது.

"அன்னைக்கு இப்படிக் கத்தினது நான். மாங்குயிலக்கா, உன்கிட்ட பொய் சொன்னவனும் நான்தான்."

பிறகு காக்கைத் தலைவரின் குரலை எடுத்தான். "கட்சிக்காக அதுகூடக் குடுக்க மாட்டியா?" அந்த வருத்தம், அந்த இழுப்பு, அலகைத் துடைக்கும் ஓசை, ஒன்று குறையவில்லை. அடுத்து பருந்துத் தலைவரின் குரல். "பழசைக் கிளறாதே. அவன் செய்யலையா?"  தலைவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று இரண்டு கொப்புக்கும் தெரியும்.

"போன முட்டைக்கும் போன குஞ்சுக்கும் எந்தத் தலைவர் பதில் சொல்றாரோ, அவர் கொப்புல உட்காருறேன்," என்றான்.

பதிலா வந்தது? பாய்ச்சல்தான் வந்தது. காக்கைத் தலைவர் ஒருபக்கம் வந்து அவன் வாலைக் கவ்வினார், எங்கள் வீட்டுப் பிள்ளை என்று. பருந்துத் தலைவர் மறுபக்கம் பற்றினார், எங்களைத் தேடி வந்தவன் என்று. அவர் கிழக்கே இழுக்க, இவர் மேற்கே இழுக்க, நீண்டு கிடந்த ஒற்றை வால் நடுவில் பிளந்துபோனது. வலி பொறுக்காமல் திரும்பிய கரிச்சான் காக்கையின் பிடரியில் ஒரு கொத்து, பருந்தின் முதுகில் ஒரு கொத்து. அத்தனை பெரிய உருவங்கள் அந்தக் கையகலக் குருவிக்குப் பயந்து ஏரி தாண்டி ஓடுவதை மரமே பார்த்தது. அன்று எந்தக் கொப்பும் தண்ணீரைத் தொடவில்லை.

கரிச்சான் நேரே போய்த் தன் முட்டைகள் பக்கத்தில் உட்கார்ந்தான். இனி அவற்றைக் காக்க அவனைவிட்டால் ஆளில்லை. சாயங்காலம் மாங்குயில் ஒரு நார் கவ்விக்கொண்டு பக்கத்துக் கிளைக்கு வந்தாள்.

"உன் கட்சியில சேர வரலை," என்றாள். "மறுபடியும் கூடு கட்ட வந்தேன். என் முட்டைக்கு ஏதாவது ஆச்சுன்னா முதல்ல உன்னைத்தான் கேப்பேன்."

"கேளு அக்கா," என்றான் அவன்.

இன்றைக்கும் கரிச்சானின் வால் இரண்டாகப் பிரிந்தே இருப்பதும், ஊர் விழிக்கும் முன் அவன் விழித்துக் குரல் கொடுப்பதும், கூட்டை நெருங்குவது காக்கையா பருந்தா என்று பார்க்காமல் இரண்டையும் விரட்டிக் கொத்துவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். அவன் இருக்கும் மரமாகப் பார்த்து மாங்குயில் கூடு கட்டுவதும், கட்டிய கூட்டில் அடைகாத்தபடி ஒரு கண்ணை அவன்மேலேயே வைத்திருப்பதும் அன்றிலிருந்துதான்.