சிப்புக்கும் உண்டு முதல் கவளம்

வெண்மலை நாட்டைக் குணதுங்க மகாராஜா ஆண்டுகொண்டிருந்தார். அது எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். அரண்மனையில் யானையும் இருந்தது, ஏசியும் இருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ராஜா தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறை, பெயர்கள் அவர் தலையில் தங்காது. மந்திரியைப் பார்த்தாலும் "இந்தாப்பா", படைத்தலைவரைப் பார்த்தாலும் "இந்தாப்பா". அதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. ஆனால் ராணியின் பிறந்தநாள் விருந்தில், அத்தனை பேர் நடுவில், "வாம்மா பொன்னரசி" என்று ராணியை ஆசையாகக் கூப்பிட்டுவிட்டார். பொன்னரசி என்பது பட்டத்து யானையின் பெயர். அன்றைக்கு எழுந்து போன ராணி அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ராஜா நொந்துபோயிருந்த சமயம் பார்த்து, தனஞ்சயர் என்ற யந்திரப் பண்டிதர் சபைக்கு வந்து சேர்ந்தார். பட்டுத்துணியைப் பிரித்து ஒரு சிப்பைக் காட்டினார். கடுகு அளவுதான் இருக்கும்.

"மகாராஜா, இதை உங்க மூளைக்குள்ள வெச்சாப் போதும். என் வீட்டுல ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கு. உங்க மூளை அதோட சேந்துடும். ஒரு பேர்கூட மறக்காது. எதுக்கும் யோசிக்கவே வேண்டாம், பதில் தானா மனசுல வந்து நிக்கும்."

"ராணி பேரு?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும்!"

"போடுய்யா, உடனே போடு!" ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார். "எனக்கு மட்டும் இல்ல, இந்த சபையில எல்லாருக்கும் போடு!"

சபையில் எல்லாரும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். மயிலேறி மட்டும் தொண்டையைக் கனைத்தான். ராஜாவுக்கு யோசனை சொல்வது அவன் உத்தியோகம். வாய் கொஞ்சம் நீளம்.

"மகாராஜா, பிடிக்கலைன்னா திருப்பி எடுக்க முடியுமான்னு கேட்டுக்கிட்டீங்களா?"

"முடியாது," என்றார் பண்டிதர் சாவதானமாக. "மூளையோட ஒட்டிக்கும். எதுக்கு எடுக்கணும்?"

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தாப்பா, நல்லது நடக்கும்போது குறுக்க விழறதே உனக்கு வேலையாப் போச்சு. முதல் சிப்பு உன் தலையிலதான்! நாளைக்கு மொட்டை அடிச்சுக்கிட்டு வந்து நில்லு!"

வீட்டுக்குப் போன மயிலேறிக்குச் சோறு இறங்கவில்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தான், பாவம். தலைக்குள் ஓடும் எண்ணம் தன்னுடையதா, அடுத்தவன் போட்டதா என்று தெரியாமல் போய்விட்டால், அப்புறம் மயிலேறி என்று ஒருத்தன் எதற்கு? சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிசைந்த கை சட்டென்று நின்றது. அடடா, சோறு!

மறுநாள் எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையோடு சபைக்குள் நுழைந்தான்.

"மொட்டை எங்கே?" ராஜா உறுமினார்.

"மகாராஜா, நம்ம அரண்மனை வழக்கப்படி முதல் கவளம் சமைச்சவருக்குத்தானே? நான் சமைக்கலையே!"

வழக்கம் உண்மைதான். ராஜாவுக்கு இலை போட்டுப் பரிமாறியதும், சமைத்தவர் அதே இலையிலிருந்து ஒரு கவளம் எடுத்துச் சாப்பிட வேண்டும். அதற்கு அப்புறம்தான் ராஜா கை வைப்பார்.

"வயித்துக்குள்ள போற சோத்துக்கே இவ்வளவு காவல். தலைக்குள்ள போறதுக்கு வேண்டாமா?"

பண்டிதர் கடகடவென்று சிரித்தார். தலைப்பாகையைக் கழற்றினார். காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு. "எனக்கு எப்பவோ போட்டாச்சு ஓய்!"

சபை கைதட்டியது. "அப்புறம் என்ன? நாவிதரைக் கூப்பிடுங்க!" என்றார் ராஜா.

மயிலேறி அசையவில்லை. "பண்டிதரே, உங்க மூளை எந்தக் கம்ப்யூட்டரோட சேந்திருக்கு?"

"என் வீட்டுல இருக்கறதோட."

"மகாராஜாவோடது?"

"அதுவும் அங்கதான்."

"அது இருக்கற அறைச் சாவி?"

பண்டிதர் இடுப்பைப் பெருமையாகத் தட்டிக் காட்டினார். "என்கிட்ட பத்திரமா இருக்கு."

"அப்ப நீங்க சாப்பிட்டது உங்க வீட்டு இலையில. வழக்கம் அது இல்லையே! ராஜா இலையிலேர்ந்து எடுத்துச் சாப்பிடணும். அவர் தலை அடுத்தவர் சாவிக்குள்ள இருக்கப்போகுது. உங்க தலையும் அப்படி இருந்து பாக்கட்டும். இன்னிக்கு ஒரு நாள் சாவியை எங்கிட்ட குடுங்க. நான் நல்லவன்தான். கொஞ்சம் எட்டிப் பாப்பேன், அங்கங்க கொஞ்சம் மாத்தி வெப்பேன்."

பண்டிதர் இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டார். "அதெப்படி! என் மனசுல ஓடறதை நீ பாக்கறதா? எனக்குத் தோணாததை நீ தோண வெச்சுட்டா? அப்புறம் நான் நானா இருப்பேனா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா மெல்ல முன்னால் சாய்ந்தார். "ஓஹோ! என் மனசுல ஓடறதை மட்டும் நீ பாக்கலாமோ?"

"இல்ல மகாராஜா... அது ஒரு பராமரிப்புக்காக..."

"சமைச்சவரே வாய் வைக்க மாட்டேங்கறாரு மகாராஜா," என்றான் மயிலேறி. "இலையை எடுத்துடலாமா?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பண்டிதர் தனஞ்சயர் பட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். ராஜா கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார்.

"பலே! என் தலையைக் காப்பாத்தின... காப்பாத்தின..." நெற்றியைத் தேய்த்தார். கூரையைப் பார்த்தார். "இந்தாப்பா, உன் பேரு என்ன?"

சபையே கொல்லென்று சிரித்தது. மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்த ராணிகூடக் கோபத்தை மறந்து சிரித்துவிட்டார்.

"மயிலேறி, மகாராஜா. மறந்தா என்ன, கேட்டுக்கிட்டாப் போச்சு."

"அந்த சிப்பு மட்டும் இருந்திருந்தா, மாலை வாங்கறவர் பேரு டக்குனு வந்திருக்கும், இல்ல?" ராஜாவுக்கு இன்னும் கொஞ்சம் ஏக்கம்தான்.

மயிலேறி குனிந்து மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"கண்டிப்பா வந்திருக்கும் மகாராஜா. தனஞ்சயர்னு வந்திருக்கும்."