கரிச்சான் கறுத்த விடியல்

பறவைக்கும் ஆற்றுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், இப்போது நாம் கரிச்சான் என்று சொல்லும் குருவி வெள்ளையாக இருந்தது. ஆற்றங்கரை மருதமரத்தில் அதன் கூடு.

அந்தக் கரையில்தான் சடையனும் அவன் மனைவி வீராயியும் நிலக்கரி எடுத்தார்கள். சடையன் சுரங்கத்துக்குள் இறங்கி வெட்டுவான். வீராயி கூடையில் சுமந்து மேலே கொண்டுவருவாள். ஊரே அந்தக் கரியில்தான் அடுப்பு மூட்டியது. கரையோரத்தில் கரி தீர்ந்துபோனதும் சடையன் ஆற்றுக்கு அடியிலேயே வெட்டத் தொடங்கினான்.

"வேண்டாம் சடையா," என்றது ஆறு. "என் அடித்தரை மெலிசு. மழைக்காலத்தில் என் பாரத்தை அது தாங்காது."

"இந்த ஒரு மழைக்கு மட்டும் பொறுத்துக்கொள் தாயே," என்றான் சடையன். பிறகு மருதமரத்தை அண்ணாந்து பார்த்தான். "குருவி, உன் குரல் சுரங்கத்தின் கடைசிவரை கேட்கும். தண்ணீர் எங்கேயாவது சுழித்தால் கத்து. நான் ஓடி வந்துவிடுவேன்."

"கத்துகிறேன் அண்ணா. நீ பயப்படாமல் போ," என்றது குருவி.

சொன்னபடியே காவலும் காத்தது. ஒரு நாள், அடைமழை ஓய்ந்து விடியும் நேரம். சடையன் அப்போதுதான் உள்ளே போயிருந்தான். புற்றிலிருந்து ஈசல் பொலபொலவென்று கிளம்பியது. குருவி பறந்து பறந்து பிடித்தது. அப்போது ஆற்றின் நடுவே ஒரு சுழி தெரிந்தது. சின்னச் சுழிதான். இன்னும் ஒரு வாய் தின்றுவிட்டுக் கத்தலாம் என்று நினைத்தது குருவி.

அந்த ஒரு வாயை அது விழுங்குமுன் அடித்தரை உடைந்து, ஆறு சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது.

"சடையண்ணா!" என்று அலறிக்கொண்டு குருவி உள்ளே பாய்ந்தது. இருட்டில் கரித்தூள் சுழன்றடித்தது. சரிந்துவிழுந்த மரத்தில் சிக்கி அதன் வால் இரண்டாகப் பிளந்தது. எப்படியோ வெளியே வந்து விழுந்தபோது அதன் உடம்பெல்லாம் கறுத்திருந்தது. சடையன் வரவில்லை.

கூடையோடு நின்ற வீராயி கேட்டாள்: "சுழியை நீ பார்க்கவில்லையா?"

"பார்த்தேன் அண்ணி. ஈசல்..." என்றது குருவி.

வீராயி ஏசவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். ஏசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது குருவிக்கு.

அது ஆற்றில் முங்கி முங்கிக் குளித்தது. கரி போகவில்லை. "நானும் நிற்கத்தான் பார்த்தேன், முடியவில்லை," என்று முனகியது ஆறு.

கரிச்சான் என்ற பெயரும் கறுத்த உடம்பும் பிளந்த வாலும் அதற்கு வந்தது அன்றுதான். இருள் பிரியுமுன், மற்றப் பறவைகள் விழிக்குமுன், தன் வயிற்றை நினைக்குமுன், அது கத்தத் தொடங்கியதும் அன்று முதல்தான்.