கழுவிக் கவுத்துன பானை

ஒரு ஊர்ல ஒரு மளிகைக் கடை இருந்துச்சாம். கடைக்காரி பேரு செண்பகம். வெளியூர்ச் சரக்கை அவ தொடவே மாட்டா. கீரைன்னா ஊர்த் தோட்டத்துக் கீரை, எண்ணெய்ன்னா தெருக்கோடி செக்குல ஆட்டுனது, தயிருன்னா எருமைக்காரி குருவம்மா கொண்டாறது. ம் கொட்டு, இல்லன்னா நிப்பாட்டிருவேன். ஆங், அப்படி.

அந்தக் கடையில ஒரு வழக்கம். காலையில குருவம்மா பானையை வச்சிட்டுப் போயிருவா. சாயங்காலம் வந்து பாக்கும்போது பானை கழுவிக் கவுத்தியிருந்தா எல்லாம் வித்துப்போச்சு. மிச்சம் இருந்தா மிச்சத்தோட பானை அப்படியே இருக்கும். வாய் தொறந்து கேக்கவே வேணாம்.

அப்போ சித்திரை வெயிலு. தயிரு புளிக்க ஆரம்பிச்சுது. வாங்குனவங்க வாயில வச்சிட்டு, ஸ்ஸ்ஸ்னு பல்லு கூசி மூஞ்சியச் சுளிச்சாங்க. மத்தியானத்துக்கு மேல யாரும் வாங்கல. செண்பகத்துக்கு மனசு கேக்கல. பாவம், பாடுபட்டுக் கொண்டாந்தவளாச்சேன்னு மிச்சத்தைக் கொல்லையில வாழை மரத்து மூட்டுல சளக்குனு ஊத்திட்டு, பானையைக் கழுவிக் கவுத்திட்டா. காசையும் தன் கைக்காசுலேருந்து குடுத்தா. நல்ல மனசுதான், யாரு இல்லன்னா?

அப்புறம் மறுநாளும் புளிப்பு. மறுபடியும் சளக். சாயங்காலம் குருவம்மா கேட்டா, "இன்னைக்கும் வித்துருச்சா தாயி?"

"வித்துருச்சுக்கா. இன்னும் கேக்குறாங்க."

இந்தக் கடைசிப் பேச்சு எதுக்கு? அதான் வாய்க்கொழுப்பு. குருவம்மா அதை நம்பி, வச்சிருந்த ஆடு அத்தனையும் வித்து இன்னொரு எருமை வாங்கிட்டா. தூங்கிட்டியா? ம்.

அப்புறம் ஒருநாள் ரெண்டு பானை வந்து நிக்குது. அன்னைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லல. மத்தியானம் சளக், சளக்னு கொல்லையில ஊத்திட்டுத் திரும்புறா, பின்னால குருவம்மா நிக்கிறா. எருமைக்குப் புண்ணாக்கு வாங்க வந்தவ.

"எத்தனை நாளா இப்படி?"

"புளிச்சுப் போச்சுக்கா. உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்..."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உறைமோரைக் குறைச்சிருப்பேனே, செண்பகம். அவ்வளவுதானே செய்யணும்."

சத்தம் போடல. ரெண்டு பானையையும் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. புது எருமையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டா. போன ஆடு போனதுதான்.

அப்புறம் அவ உறைமோரைக் குறைச்சா. தயிரு தித்திப்பாகிருச்சு. பேருந்து நிலையத்துக்கிட்ட தரையில உக்காந்து வித்தா. சனம் மொய்க்குது. செண்பகமும் ஒருநாள் தூக்குவாளியோட போயி வரிசையில நின்னா. குருவம்மா மத்தவங்களுக்கு ஊத்துற மாதிரியே ஊத்துனா. செண்பகம் ஒரு விரலால தொட்டு நக்கிப் பாத்தா. கண்ணுல தண்ணி முட்டிருச்சு.

"ரொம்ப நல்லாருக்குக்கா."

குருவம்மா அவளை நிமிந்து பாத்தா. கோபமே இல்ல. "நீ சொன்னா எப்படித் தாயி நம்புறது?"ன்னு கேட்டுட்டு, அடுத்த ஆளு பாத்திரத்தை வாங்குனா.

எனக்கு அந்தச் செண்பகத்தை நெனச்சாத்தான் இன்னும் ஆத்தாமையா வருது. ம் சத்தம் நின்னுபோச்சே. சரி, கதையும் நின்னுபோச்சு. திரும்பிப் படுத்துத் தூங்கு சாமி.